ஃபவ்வாஸ் பேக் வீட்டுக் காபி

"இஸ்திரிப் பெட்டி சூடே ஏறலை!" என்று கத்தினார் ஜவாத்.

"கரண்ட் இருந்தாத்தானே ஏறும்? பேக்கோட ஆளு காலையிலேயே வந்து நம்ம லைனைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்," என்றாள் அவர் மனைவி நுஹாத்.

லெபனானின் பெக்கா சமவெளியில் எங்கள் ஊருக்கு அரசாங்க மின்சாரம் விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து போகும். மற்றபடி வெளிச்சம் ஃபவ்வாஸ் பேக்கின் ஜெனரேட்டரிலிருந்துதான்; 'பேக்' என்பது அவர் பரம்பரைப் பட்டம். ஊர்க் கிணறும் அவர் பிடியில்தான். அந்தத் தண்ணீரையே லாரியில் ஏற்றி எங்களுக்கே விற்கிறார். அதைத் தட்டிக் கேட்கத்தான் நுஹாத்தின் தையல் கடையில் ஒரு கமிட்டி உருவானது. தேர்தலில் பேக்குக்கு எதிராக ஆள் நிறுத்தித் தோற்றது. பிரச்சாரத்தின்போது கடை கொள்ளாமல் வந்த கூட்டம் இப்போது நாலு பேராகச் சுருங்கிவிட்டது. மெஷின் ஓடாவிட்டால் கடையை மூட வேண்டும், கடை மூடினால் கமிட்டியும் அவ்வளவுதான். பேக் விவரமான ஆள்.

"நான் போய் வாழ்த்துச் சொல்லிட்டு, அப்படியே லைனையும் கேட்டுட்டு வரேன்," என்றார் ஜவாத்.

"தோத்தவங்க போய் ஜெயிச்சவர் கையைக் குலுக்கி அவர் வீட்டுக் காபியைக் குடிக்கணும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்ச வழக்கமோ! இருங்க, நானும் வரேன்."

"பொம்பளைங்க அந்தக் கூடத்துக்கு வர்றதில்லை, தெரியுமில்ல?"

"ஓட்டுக் கேக்க என் சமையல்கட்டு வரைக்கும் வந்தாரே, அப்ப நான் பொம்பளையாத் தெரியலையா?"

கசங்கிய சட்டையோடு ஜவாத் முன்னே போக, நுஹாத் பின்னாலேயே போனாள். கூடம் நிறைய ஆண்கள். பிரச்சாரத்தில் கமிட்டிக்காக ஒலிபெருக்கியைக் கையிலிருந்து இறக்காத ஷரீஃப் வாத்தியார் பேக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கசப்புக் காபி வந்தது. நுஹாத் வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தாள். எங்கள் பக்கம் கோரிக்கையோடு வந்தவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் எடுத்துக் குடிப்பார்கள். கோரிக்கையை மறுத்து விருந்தாளியைக் குடிக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

பேக் சிரித்தார். "குடி மகளே. சாயங்காலமே உன் வீட்டு லைன் வந்துடும்."

ஜவாத்துக்கு உயிர் வந்தது. நுஹாத் கோப்பையைத் தொடவில்லை.

"நான் லைன் கேட்டு வரலை, பேக். வியாழக்கிழமை கமிட்டி கூடுது. நீங்க வந்து ஊர்க் கிணத்துத் தண்ணியை ஊருக்கே ஏன் விக்கிறீங்கன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லணும். வரேன்னு சொல்லுங்க, குடிக்கிறேன்."

"நான் ஒரு தையக்காரி கடைக்கு வரணுமா?"

"கடை இருட்டாக் கிடக்கு. உங்க புண்ணியத்துல தெருவுலதான் நாற்காலி போடப்போறோம்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பேக்கின் முகம் இறுகியது. "பொம்பளை வெச்ச கோப்பையை இங்க யாரும் மதிக்கிறதில்ல. வீட்டு ஆம்பளை என்ன பண்றான்னுதான் பாப்போம்."

எல்லோரும் ஜவாத்தைப் பார்த்தார்கள். காபி அவர் உதடுவரை போயிருந்தது. அவருக்குப் பயம்தான், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவசரமாக இறக்கியதில் பாதிக் காபி சட்டையில் கொட்டியது. மீதியோடு கோப்பையைக் குனிந்து மனைவியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ கேட்டதுதான் என் கோரிக்கையும்," என்றார்.

பேக் அடுத்த விருந்தாளிக்குக் காபி ஊற்றச் சொன்னார். இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

வியாழக்கிழமை பேக் வரவில்லை. ஷரீஃப் வாத்தியாரும் வரவில்லை. ஆனால் "ரெண்டு கோப்பை வெச்சும் மனுஷன் வாக்குக் குடுக்கலையாமே!" என்று வாயைப் பிளந்துகொண்டு ஊர் வந்தது. கடைக்குள் நுழையப் பயந்தவர்கள்கூட தெரு என்பதால் தைரியமாக வந்து நின்றார்கள். நாற்காலி போதவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "அடுத்த தேர்தலுக்கு இன்னும் வருஷக்கணக்குல இருக்கேம்மா, இப்பவே எதுக்குக் கூட்டம்?"

"உங்க வீட்ல தேர்தலுக்குத் தேர்தல்தான் தண்ணி குடிப்பீங்களா?" என்றாள் நுஹாத்.