திருப்பி மாட்டிய கிளட்ச் பிளேட்

கௌக்கோவின் மனைவி ஹெல்வி சனிக்கிழமை ஔலு நகரத்துக்குப் போகிறாள். ஒரேயடியாகத்தான். அங்கே வேலையும் வீடும் பார்த்துவிட்டாள். சாமான்களை ஏற்றிப் போக அவளுக்கு இருப்பது ஒரு குட்டிக் கார். அதன் கிளட்ச் தேய்ந்து கிடந்தது. அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டியவன் யார்? அவள் விட்டுப் போகிற புருஷன்தான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி அது. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் மொத்தமாகக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். சவுனா என்கிற நீராவிக் குளியலறையை ஒட்டிய ஷெட்டில் ஜாக்கி போட்டு இறக்கினான் கௌக்கோ. எப்போதும்போல ஹெல்விதான் விளக்குப் பிடித்தாள், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். புது பிளேட்டை மாட்டி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள்.

எஞ்சின் ஓடியது. ஆனால் கிளட்சை எவ்வளவு மிதித்தும் கியர் விழவில்லை.

"பிளேட் திரும்பிக்கிச்சு போல," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "மறுபடி இறக்கணும். சனிக்கிழமைக்குள்ள முடியாது."

"தானா திரும்பிக்கிச்சா? அதுக்கென்ன கால் முளைச்சுச்சா?"

ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மாற்றிக் கொடுத்தவன் அவன். எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே எழுதியிருக்கும். பாவம், பொய் சொல்லவும் வரவில்லை.

"வேணும்னுதான் மாட்டினேன். உன்னை வேற எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே, மரமண்டை!"

"போகாதே, ஹெல்வி."

அவள் விளக்கைக் கீழே வைத்தாள்.

"நீ திருப்பி மாட்டினப்பவே பாத்தேன். விளக்கு என் கையிலதானே இருந்துச்சு? இப்பவாவது வாயைத் திறப்பேன்னு கம்முனு இருந்தேன். எல்லாத்தையும் ஏத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். ஸ்பானர் கேட்டே, துணி கேட்டே. வேற ஒரு வார்த்தை பேசலை."

"இப்ப சொல்றேனே."

"நான் சொல்லிக் கொடுத்தப்புறம் சொல்றே."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளினாள். இருவரும் மறுபடி இறக்கினார்கள். இந்த முறை அவன் சரியாக மாட்டினான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஔலுவிலிருந்து போன் செய்தாள். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம்.

திரும்பி வந்துடு என்று சொல்லத்தான் கௌக்கோ வாயைத் திறந்தான்.

"ஆயில் பாத்துக்கோ," என்றான்.

"சரி," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.