கழிவறையில் பீச் பழ வாசனை

சம்பந்தம் பேசும் விருந்தில் மாட்டு விலாக்கறி வந்து சேர்வதற்குள் கல்யாணப் பெண் நாரே மூன்று டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டாள். எதிரே மாப்பிள்ளை தோகுனின் அம்மா, பியோ அம்மாள். தேஜோன் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஒழுங்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் முன்னால் மது குடிக்கும்போது, கொரிய மரியாதைப்படி நாரே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாளா என்றுகூடக் கவனித்தார். தோகுனின் அண்ணனுக்குப் பார்த்த பெண்ணை இப்படி ஒரு விருந்தோடு வேண்டாம் என்று தள்ளியவர்தான்.

நாரே கழிவறைக்கு எழுந்தாள். வாசலுக்குப் போனால் ஏன் என்பார்கள். கழிவறைக்குப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? உள்ளே தாழிட்டு, பீச் பழ வாசனை மின்சிகரெட்டை எடுத்து ஒரே ஒரு இழுப்பு. கதவில் ‘மின்சிகரெட்டுக்கும் தடை’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. பயந்தவள் கண்ணுக்கு எழுத்து எங்கே தெரிகிறது!

டொக் டொக்.

உள்ளே ஆள் உண்டு என்பதற்கு அவளும் டொக் டொக் என்றாள்.

“தட்ட மட்டும் தெரியுதாக்கும்? யாரடி அது, பீச் வாசனை மூக்கத் துளைக்குது!”

பியோ அம்மாளின் குரல். நாரேவுக்கு உயிரே போய்விட்டது. காலைப் பார்த்தாள்; நல்லவேளை, எல்லோருக்கும் பொதுவான கழிவறைச் செருப்பு. அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

“முப்பது வருஷமா உன்னை மாதிரி எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்! நீயா வெளிய வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”

நாரே தோகுனுக்குச் செய்தி அனுப்பினாள்: ‘உங்கம்மாவ எப்படியாவது இங்கேருந்து கூப்பிடு!’ அவன் உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்; அவர் அதை ஸ்பீக்கரில் எடுத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

“ஒரு கழுதை உள்ள உக்காந்து புகை விடுதுடா. கையோட பிடிச்சிட்டுத்தான் வருவேன்.”

“அதெல்லாம் விடும்மா, சீக்கிரம் வா. நாரேயும் அங்கதானே இருக்கா, அவளையும் கூட்டிட்டு வந்துடு.”

அந்தக் கழிவறையில் மூடியிருந்தது ஒரே ஒரு கதவு.

பியோ அம்மாள் போனை வைத்தார். குழாயில் தண்ணீர் ஓடியது, நின்றது. செருப்புச் சத்தம் தூரப் போனது. கல்யாணமும் அதோடு போய்விட்டது என்று நாரே தீர்மானித்தாள். வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, தூக்குக்குப் போகிறவள் மாதிரி அறைக்குத் திரும்பினாள்.

“யாரு சம்பந்தி அது, கண்டுபிடிச்சீங்களா?” என்று, தோகுன் சொல்லி விஷயம் தெரிந்த அவளுடைய அப்பாவே கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாருமில்ல. ஜன்னல் திறந்திருந்தது, பழக்கடை வாசனை” என்றார் பியோ அம்மாள். மூன்றாவது மாடியில் பழக்கடை வாசனையாம்! “நீ உக்காரும்மா, கறி ஆறுது. இப்படி என் பக்கத்துல வா.”

நாரே உட்கார்ந்தாள். பியோ அம்மாள் இடது கையால் அவள் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். வலது கை மேசைக்கடியில் அவள் பக்கம் நீண்டு, உள்ளங்கை விரிந்து, அசையாமல் காத்திருந்தது. நாரே குனிந்த தலை நிமிராமல் மின்சிகரெட்டை அதில் வைத்தாள். கை மூடிக்கொண்டது.

“திரும்ப வேணும்னா,” என்று பழைய பள்ளிக்கூட வழக்கம் மாறாமல் காதோடு சொன்னார் பியோ அம்மாள், “கல்யாணம் முடிஞ்சதும் பெத்தவங்களக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ.”