நூலாசிரியரைக் கேட்கவும்

அக்கா எழுதிய எல்லாவற்றுக்கும் மெய்ப்புப் பார்த்தவன் நான். முப்பது வருடம். அச்சகத்தில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததுமே வம்பிழுப்பாள்.

"காற்புள்ளி போட்டுக்கோ. கருத்தைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"உன் கருத்து யாருக்கு வேணும்? ஒற்றுப்பிழையே மூட்டை மூட்டையா இருக்கு."

எழுத்தில் சந்தேகம் வந்தால் நாங்கள் திருத்துவதில்லை. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, 'நூலாசிரியரைக் கேட்கவும்' என்று எழுதுவோம். அவள் அதன் கீழேயே, 'இதுகூடத் தெரியாதா கழுதை' என்று பதில் எழுதி அனுப்புவாள்.

கடைசிப் புத்தகம் ஆதிக் கிறிஸ்தவர்களும் ஆதி பௌத்தர்களும் வழிபட்ட விதம் பற்றியது. முன்னவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அப்பம் பிட்டு, கைகளை விரித்துக் கடவுளிடம் கேட்டார்கள். பின்னவர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் சாய்வு பின்னவர்கள் பக்கம்.

"கேக்கறது குழந்தைப் புத்திடா."

"நான் இன்னும் தினம் கேக்கறேனே."

"அதான் சொல்றேன். அம்பத்திரண்டு வயசுக் குழந்தை."

கடைசி அத்தியாயம், சாகக் கிடப்பவர் அருகில் உட்காருவது பற்றி. அதற்குள் அவளுக்கே நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதி முடித்தாள். ஆதிக் கிறிஸ்தவர்கள் சங்கீதம் பாடி, அப்பத் துண்டை வாயில் வைத்து, தனியாகப் போகவிடாமல் சுற்றி இருப்பார்கள். பௌத்தர்கள் உறவுகளைப் பற்றிய கவலையை விடச் சொல்வார்கள். அதன் கீழே அவளுடைய சொந்த வரி: 'பிடித்திருக்கும் கையை மெல்ல விடுவிப்பதே கடைசி உபகாரம்.'

"என் நேரம் வந்தா இதை வாசி," என்றாள். "உன் இஷ்டத்துக்கு மாத்தாதே."

ஒரு மத்தியானம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆக்ஸிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயமா இருக்குடா. யார்கிட்டயாவது கேளேன்."

நான் கேட்கவில்லை. அவள் எழுதிய தாளை எடுத்து வாசித்தேன். அதில் இருந்தபடியே அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். விரல்களில் இன்னும் பலம் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து விடாமல் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, அந்தப் பார்வையில் அவள் இல்லை.

பிறகொரு நாள் கைகளை விரித்துப் பார்த்தேன். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மூச்சைக் கவனித்து உட்கார்ந்தேன். என் மூச்சும் அன்று அவளுக்கு இழுத்தது போலவே இழுத்தது. எழுந்துவிட்டேன்.

நேற்று அந்த அத்தியாயத்தின் மெய்ப்பு வந்தது. கையை விடுவிக்கச் சொல்லும் அந்த வரியில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. இருந்தாலும் ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். 'நூலாசிரியரைக் கேட்கவும்' என்று எழுதினேன். அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.