வலப்பக்கம் பள்ளமான கான்டினென்டல்

அமெரிக்காவின் இண்டியானாவில், ஆபர்ன் ஊரில் பழைய கார் விற்பவன் நான். அடுத்தவர்கள் கொண்டுவந்து விடும் கார்களைத் துடைத்து நிறுத்தி, சேகரிப்பவர்களுக்கு விற்றுக் கொடுப்பேன். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், புதுப் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் தேய்ந்த பெடலும் அமுங்கிய மெத்தையும் உண்மையைச் சொல்லிவிடும் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் வெண்டல் ஹோஸ்டெட்லரின் கார் என்னைப் படுத்தி எடுத்தது.

ஐம்பத்தாறாம் வருடத்து கான்டினென்டல் மார்க் டூ. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, கருநீலம். உள்ளே பால் நிறத் தோல். முன்னால், ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து நீளமான மெத்தை. ஸ்டீயரிங் இருக்கும் இடப்பக்கம் நேற்றுத் தைத்தது போல விறைப்பாக இருந்தது. வலப்பக்கம் மட்டும் பள்ளம். தோல் வெடித்து, ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

வெண்டல் எண்பதைத் தாண்டியவர், முட்டைப் பண்ணை நடத்தியவர். பார்வை மங்கிவிட்டதால் காரை விற்க முடிவு செய்திருந்தார். மனைவி ஆர்டித் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கம் யார் உட்காருவாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல தம்பி. வாங்கினதும் நான்தான் புதுத் தோல் போட்டேன். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு மட்டும் தனியா ஓட்டிட்டுப் போவேன். மத்த நாள் கொட்டகையில போர்வை போத்தி நிக்கும். பேரப்பசங்களைக்கூடத் தொட விட்டதில்ல."

சிகாகோவிலிருந்து வந்திருந்த சேகரிப்பாளர் ஏவரில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "என்னங்க இது, தபால்காரர் வண்டியா?" என்றார். எங்கள் பக்கத்தில் கிராமத்துத் தபால்காரர்கள் சாலையோரப் பெட்டிக்குக் கை எட்டட்டும் என்று வலப்பக்கம் உட்கார்ந்துதான் ஓட்டுவார்கள்.

வெண்டலுக்குச் சுருக்கென்றது. "என் காருக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. ஆனா இது எப்படி ஆச்சுன்னு தெரியாம வாங்க எனக்கு மனசு வராது."

எனக்கும் அதே அரிப்புதான். மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். உப்பு பிஸ்கட் தூள் விரலில் ஒட்டியது. "நாய் ஏதாவது வளர்த்தீங்களா?"

"நாயா? என் கார்லயா?"

ஏவரில் இன்னும் உள்ளே கைவிட்டு, பச்சைக் கம்பளி நூல் ஒன்றை நீளமாக இழுத்தார். "நாய் ஸ்வெட்டர் பின்னாதே ஐயா."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆர்டித்தின் காது மடல்கள் சிவந்திருந்தன.

"நான்தான்," என்றார்.

வெண்டல் வாயைப் பிளந்தார். "நீயா? எப்போ?"

"உன்மேல கோவம் வர்றப்பல்லாம்."

வெண்டல் மெதுவாக வந்து அந்தப் பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு கோவமா?"

"முட்டை விலையைப் பத்தி ஆரம்பிச்சா நீ நிறுத்துவியா? போர்வையைத் தூக்கிட்டு உள்ள போய் உட்கார்ந்துடுவேன். ஸ்வெட்டர்ல ஒரு கை பின்னி முடிக்கறதுக்குள்ள கோவம் ஆறிடும்."

"பெர்னீஸ் வீட்டுக்குப் போறேன்னுதானே சொல்லுவ?"

"என் அக்கா பேச்சை அவ்வளவு நேரம் எவ கேப்பா?"

ஏவரில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அம்மா, ஸ்டீயரிங் பக்கம் ஒரு தடவைகூட உட்காரலையா?"

"இல்ல. சாவி அதுலயே தொங்கும். எனக்கு நல்லா ஓட்டத் தெரியும். அங்க உட்கார்ந்திருந்தா ஒரேயடியா போயிருப்பேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"இவருக்கு வண்டி ஓடறதைக் காட்டணும்ல. நீயே ஓட்டு."

ஆர்டித் சட்டென்று சாவியை வாங்கவில்லை. கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். வெண்டல் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தார். ஏவரில் பின்னால் ஏறிக்கொண்டார். தானியக் கிடங்கு வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. கார் கிடங்கைத் தாண்டி வடக்கே போய் மறைந்தது. நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒருவழியாகத் திரும்பி வந்தார்கள். வெண்டலின் சட்டையில் ஐஸ்கிரீம் கறை.

"கெண்டல்வில் ஊரையே தாண்டிப் போயிட்டோம்," என்றார் ஏவரில், கலைந்த தலையோடு. "எழுபத்தெட்டாம் வருஷப் பனிப்புயல்ல தொடங்கின சண்டை, போகும்போது பூரா ஓடிச்சு. வரும்போது ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அவர் கை மட்டும் அந்தம்மா தோள்மேலயே இருந்துச்சு."

ஏவரில் காரை வாங்கிக்கொண்டார். மெத்தையை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். தொடவே கூடாது என்றுவிட்டார்.

இழுவை வண்டி காரை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் வெண்டல் மனைவியிடம் கேட்டார்: "இனிமே கோவம் வந்தா எங்க போவ?"

"எங்கயும் போகல. சமையலறையிலயே நின்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

வெண்டல் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வித்ததைத் திரும்ப வாங்க வழி ஏதாவது இருக்கா?"

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது என்றேன். அதற்குள் ஆர்டித் அவர்களுடைய பிக்கப்பில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.