பாட்டா புலி சுட்ட ரிவால்வர்

விஜயதாஸின் பாட்டா ஞானாபரணம் பேச்சிப்பாறைக் காட்டில் முதலில் சுட்டது காட்டுப்பன்றியைத்தான். பேரன் கிராம அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது அது சிறுத்தையாயிற்று. ஓய்வுபெற்று வெள்ளை ஜிப்பா போடத் தொடங்கியதும் புலியாகிவிட்டது. ஊர்த் திருச்சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு விழா நெருங்கியபோது, அந்தப் புலியின் வாயில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரும் வந்து மாட்டிக்கொண்டார். பாட்டா புலியைச் சுட்டுக் காப்பாற்ற, பாதிரியார் நன்றியாகத் தன் ரிவால்வரைக் கொடுத்தாராம்.

"பரிசா கிடைச்ச ரிவால்வரால அதுக்கு முந்தியே எப்பிடி சுட்டாவ?" என்று மனைவி கிருபாபாய் ஒருமுறை கேட்டாள். அவளுக்கு வரலாற்று அறிவு போதாது என்று அன்றே முடிவாயிற்று.

விழாவில் பழம்பொருள் கண்காட்சி உண்டு. குன்னத்துகால் சந்திப்பில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. பாதி விஜயதாஸ், கால் பங்கு ரிவால்வர், மிச்சத்தில் புலி. பாட்டா ஓரத்தில் பாஸ்போர்ட் அளவில் இருந்தார். விழா முடிந்த மறுவாரம் சபைச் செயலாளர் தேர்தல். புலியின் முதுகில் ஏறி அந்தப் பதவிக்குப் போய்விடலாம் என்றிருந்த விஜயதாஸிடம், எதிர்த்து நிற்கும் தங்கப்பன் எல்லோர் முன்பும் கேட்டுவிட்டார்: "அது ஒரிஜினலாக்கும்ணு எவன் சொன்னான்?"

அதனால்தான் நெய்யாற்றின்கரையிலிருந்து கிருஷ்ணன்குட்டி வரவழைக்கப்பட்டார். முப்பது வருடம் துப்பாக்கி பழுது பார்த்த மனிதர். அவரைப் பாட்டா காலத்து நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சிவப்பு வெல்வெட்டை விலக்கினார் விஜயதாஸ்.

"விலை அஞ்சு லெட்சம்னு எழுதும். குறைச்சா பாட்டாவுக்கு மரியாதை இல்ல."

"லைசென்ஸ் உண்டா சாரே?"

"பாட்டாவுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

"பாட்டாவுக்கு வேண்டாம், அவரு போயாச்சு. உங்களுக்கு வேணும். ஒரிஜினல்னா இன்னைக்கே ஸ்டேஷன்ல கொண்டு குடுக்கணும். கேஸும் வரும்."

விஜயதாஸ் போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார். கதவோரம் நின்ற கிருபாபாய் கவலையோடு கேட்டாள். "ஜெயில்ல ஜிப்பா போட விடுவாவளா?"

கிருஷ்ணன்குட்டி துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி வாங்கிக் குழலுக்குள் விட்டார். ஒரு விரல்கடை போய் நின்றுவிட்டது. திருப்பினார், குத்தினார், மறுபடியும் நின்றது.

"பயப்படாண்டாம் சாரே. குழலு அடைச்சு வார்த்ததாக்கும். இதுவழி குண்டு வராது, சத்தந்தான் வரும். ஓட்டப்பந்தயத்துக்கு சுடுவாவல்லா, அது."

பிறகு கைப்பிடிக் கட்டையைக் கழற்றினார். உள்ளே வெள்ளை பெயிண்டில் எழுத்து: மிஷன் பள்ளி, விளையாட்டு, 17. சபை நடத்தும் அந்தப் பள்ளியில் சாமான் வாங்கினால் கண்ணில் படாத இடத்தில் நம்பர் எழுதாமல் விடமாட்டார்கள். கிருஷ்ணன்குட்டி ஏதோ தோன்றியவர்போல எழுந்து நாற்காலியைக் கவிழ்த்தார். "கசேரை, நாப்பத்தி மூணு." யாரும் சொல்லாமலே கிருபாபாய் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஒம்பது."

ஞானாபரணம் பாட்டா அந்தப் பள்ளியில் பியூன். விஜயதாஸ் சொல்லும்போது 'கல்வித்துறையில் இருந்தார்' என்பார்.

"அப்போ விலை?"

"பழைய இரும்புக்காரன் நானூறு தருவான். அதுவும் வெல்வெட்டோட."

கேஸ் இல்லை என்று நிம்மதி வந்தது. ஃபிளெக்ஸை நினைத்ததும் அது போய்விட்டது. இரண்டு நாள் விஜயதாஸ் சந்திப்புப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் ஜிப்பாவுக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

விழா மேடையில் ரிவால்வரைத் தாம்பாளத்தில் ஏந்தி நின்றார். "எழுபது ஆண்டு எங்கள் குடும்பம் கண்ணின் மணிபோலக் காத்த இந்த வரலாற்றுச் சின்னத்தை, அது பிறந்த பள்ளிக்கே இன்று அர்ப்பணிக்கிறேன்." புலியைப் பற்றி மூச்சு விடவில்லை. கைதட்டல் எழுந்தது. பொன்னாடை விழுந்தது. தங்கப்பனும் தட்டவேண்டியதாயிற்று.

பெற்றுக்கொண்டவர் தலைமையாசிரியை ஜோஸ்னா. எதையும் ஃபைலில் பார்க்காமல் நம்பாதவர். கண்காட்சிக்காகப் பள்ளி வைத்திருந்த பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"சாருக்கு நன்றி. இதில ரிவால்வருக்கு நேர 'காணவில்லை'ன்னு எழுதியிருக்கு. இன்னைக்கு 'கிடைத்தது'ன்னு எழுதுதேன். இதே பக்கத்துல கசேரை நாலு, பெஞ்சு ரெண்டு, கடிகாரம் ஒண்ணு, மணி ஒண்ணும் காணவில்லைன்னு இருக்கு. அதையும் சாருக்க குடும்பம் கண்ணின் மணிபோல காத்திருக்கும்னு நம்புதோம். நாளைக்கு வண்டி அனுப்புதேன்."

இந்த முறை தங்கப்பன் எழுந்து நின்று தட்டினார்.

மறுநாள் காலை பிக்கப் வந்தது. பெஞ்சு போயிற்று, கடிகாரம் போயிற்று, சாப்பாட்டுக்குக் கூப்பிட அடிக்கிற மணியும் போயிற்று. விஜயதாஸ் முன்னறையில் உட்கார்ந்து செயலாளர் தேர்தலுக்கு வேட்புமனு நிரப்பிக்கொண்டிருந்தார். 'சபைக்கு ஆற்றிய தொண்டு' என்ற இடத்தில், 'மிஷன் பள்ளிக்கு மரச்சாமான்கள், கடிகாரம், மணி நன்கொடை' என்று எழுதிக்கொண்டிருக்கையில் கிருபாபாய் வந்து நின்றாள்.

"எழும்புங்க. நீங்க இருக்கியது நாப்பத்தி மூணு. ஆளுவ வெளிய காத்து நிக்காவ."

விஜயதாஸ் எழுந்தார். மிச்சத்தைச் சுவரில் வைத்து எழுதினார்.