அம்மாவுக்குப் பக்குவம் போய்விட்டது

"இனிமே இந்த மாத்திரையைத் தொடக் கூடாது!" என்று மகன் டப்பாவைப் பிடுங்கி அலமாரியின் உச்சியில் வைத்தான்.

அம்மா செய்த குற்றம் அப்படி. இரண்டு வருஷமாக வீட்டில் வாய் திறக்காதவள் இன்று சாப்பாட்டு மேசையில், "காய் வேகலை. உன் பேச்சுதான் வெந்து குழைஞ்சு போச்சு, நிறுத்துடா" என்று சொல்லிவிட்டாள். அதுவும் மறுநாள் அலுவலகத்தில் ஆற்றவேண்டிய உரையை அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது. தலைப்பு: 'மனம் விட்டுப் பேசுவோம்'.

அம்மா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தெரு அவளுக்கு வைத்த பெயர் விசில். அவள் ஓர் அதட்டல் போட்டால் படிக்கட்டில் தொங்குகிறவன் டிரைவர் மடிவரை போய் நிற்பான்.

நாற்பதுகளில் மனச்சோர்வு அவளுக்கு எரிச்சலாக வந்தது. டம்ளர்கள் பறந்தன. "சம்பாதிக்கிற திமிரு" என்றார், இன்று சுவரில் மாலையிட்ட படத்தில் சிரிக்கும் கணவர். ஐம்பதுகளில் அழுகையாக வந்தது. "பொம்பளைங்களுக்கு அந்த வயசுல அப்படித்தான்" என்று நாத்தனார் தீர்ப்பு வழங்கினாள். அறுபதைத் தாண்டியபின் சத்தமே போடாமல் வந்தது. மூட்டு வலித்தது, தூக்கம் போனது, டீகூடக் கசந்தது. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரே பெருமை. "அம்மாவுக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்று, புதிதாக வாங்கிய சோபாவைக் காட்டுவதுபோல விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். நோய் வேஷம் மாற்ற மாற்ற வீடும் சளைக்காமல் பெயர் வைத்தது. டாக்டர் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

மூட்டுக்கு மருந்து கேட்டு அவளே தனியாகப் போனாள். டாக்டரம்மா காலைப் பார்க்குமுன் முகத்தைப் பார்த்தார்.

"கடைசியா எதுக்கும்மா ஆசைப்பட்டீங்க?"

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"இது வயசு இல்லம்மா, நோய். சரியாகும்."

மாத்திரையும் வாராவாரம் ஆலோசனையும் தொடர்ந்தன. சில மாதங்களில் பசித்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரியோடு கேரம், கேரத்தில் சண்டை. இன்று காய் வேகாததும் நாக்குக்குத் தெரிந்துவிட்டது.

"முன்ன நீ எவ்ளோ அமைதியா இருந்தேம்மா! தெருவே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சே!" என்றான் மகன்.

"பொணத்தையும்தான்டா கும்பிடறாங்க."

மருமகளுக்குப் புரையேறியது. "காய் நிஜமாவே வேகலைங்க. அத்தை சொன்னப்புறம்தான் எனக்கே சொல்ல தைரியம் வந்துச்சு" என்றாள். சமைத்தவன் அவள் கணவன்தான்.

அம்மா கையை நீட்டினாள். "டப்பாவை நீ எடுத்துத் தர்றியா, நான் ஏறி எடுக்கவா?"

பழைய பஸ் குரல். மகன் யோசிப்பதற்குள் அவன் கை எடுத்துக் கொடுத்துவிட்டது. அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ம், படி. எங்க விட்ட?"

மகன் காகிதத்தைத் தேடி எடுத்தான். "வீட்டில் உள்ள பெரியவர்களின் மௌனத்தை... நாம்... கவனிக்க வேண்டும்..."

"சத்தமாப் படிடா. கடைசி சீட்டுக்குக் கேக்கலை."