பூனைக்குப் பதிலாள்

ஆள் எப்போது வரும் என்று ஸ்டெல்லா அக்கா எங்கள் வாசலில் நின்று விசாரித்தபோது, அவர்கள் வீட்டுப் பூனை உள்ளே என் கட்டிலில், என் தலையணைமேல் படுத்திருந்தது.

"பூனை வந்து ஒரு வாரம் ஆச்சுல்லா," என்றார். "இன்னும் ஆள் வரலையே."

கோபமாகச் சொல்லவில்லை. சிலிண்டர் வரவில்லை என்று ஏஜென்சிக்குப் போன் பண்ணுவார்களே, அந்தக் குரலில் சொன்னார். எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பூனையை இன்னொரு வீடு சேர்த்துக்கொண்டால், சேர்த்துக்கொண்ட வீட்டிலிருந்து ஓர் ஆள் அந்த வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். பூனை தானாகத் திரும்பிப் போகும்வரை இருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஓர் உயிர் குறைந்தும் இன்னொரு வீட்டில் ஓர் உயிர் கூடியும் இருக்கக் கூடாது. அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. என் எரிச்சல் எல்லாம் அம்மாமேல்தான்.

பூனையைச் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாசலில் நின்று, "யார் வீட்டுப் பூனை?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் அது ஊர்ப் பூனை. ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

"நீ கேட்டியாம்மா?"

"கேட்டேன்ல. மூணு தடவை கேட்டேன்."

"எப்போ?"

"சட்னி அரைக்கையில."

"மிக்ஸி ஓடும்போதா?"

"மிக்ஸி ஓடுனா வாய் ஓடக் கூடாதோ?"

எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் நேரங்கெட்ட நேரத்தில் மிக்ஸி ஓடினால் யாரோ ஒரு பூனையைச் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிக் கேட்டால் செல்லாது என்று இதுவரை ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் அவரவர் வீட்டுப் பூனையைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

யார் போவது என்று யோசித்ததாகச் சொன்னார்கள். யோசித்ததை நான் பார்க்கவில்லை. அப்பா பஸ் கண்டக்டர். அவருக்கு டூட்டி. அக்கா கார்த்தீஸ்வரிக்கு நர்சிங் காலேஜ். அம்மாவை அனுப்பினால் பூனைக்கு யார் மீன் அவிப்பது. மிச்சம் நான்.

"சுயம்பு சும்மாதான இருக்கான்," என்றாள் கார்த்தீஸ்வரி.

நான் பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். கெமிஸ்ட்ரி சாரும் நானும் ஒரே அறையில் இருக்க முடியாது என்று ஆனது. அவர் போகவில்லை, அதனால் நான் வந்துவிட்டேன். அதிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் நான் சும்மா இருப்பதில்தான் வந்து முடிகிறது.

"மீனை மட்டும் நிறுத்தும்மா," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "ரெண்டு நாள் மீன் இல்லைன்னா அது தானா போயிரும். நான் வந்துருவேன்."

"நாளைல இருந்து நிறுத்திடுதேன்," என்றாள் அம்மா. என் பையில் துண்டை வைத்தாள். "அங்க பால் குடுத்தா மிச்சம் வைக்காத. நம்மளப் பத்தி என்ன நினைப்பாக."

ஸ்டெல்லா அக்கா வீடு அடுத்த தெருவில். அவர் வீட்டுக்காரர் செல்வின் அண்ணன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஜெரின் என்று ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. நல்ல மனிதர்கள்தான். பூனை ஃபிரிட்ஜுக்கு மேல் தூங்கும். நான் அங்கே கொள்ளமாட்டேன் என்பதால் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். பூனையின் பெயர் பிங்கி. அந்த வீட்டில் அந்த இடத்துக்கு அந்தப் பெயர் என்பதால் என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள். ஜெரின் மட்டும் "பிங்கி அண்ணன்" என்றான். மரியாதை தெரிந்த பையன்.

வேலை கஷ்டம் இல்லை. சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து, செல்வின் அண்ணன் பைக் தெருமுனையில் திரும்புவதைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் இறங்கி உள்ளே போய்விட வேண்டும். அவருக்கு அது போதும். நான் ஒரு நாள் வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். வீட்டில் யாருமே இல்லாததுபோல இருந்தது என்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மத்தியானத்தில் ஸ்டெல்லா அக்கா காய் நறுக்கிக்கொண்டே தன் மாமியாரைப் பற்றிப் பேசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பூனை வெளியே சொல்லாது என்பதால் அவர் எதையும் விட்டுவைக்காமல் சொல்வார். ஒரு தடவை, மாமியார் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை அப்படியே வேலைக்காரம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அதுல உங்க மேலயும் தப்பு இருக்குக்கா," என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பிங்கி இப்படி எல்லாம் பேசாது."

"பேசாம அது மனசுக்குள்ள என்ன நினைச்சுதோ. அதான் ஓடிருச்சு."

அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை. ஆனால் மறுநாள் அவர் மாமியாருக்குப் போன் பண்ணினார். என்ன பேசினார் என்று சொல்லமாட்டேன். அந்த வேலையில் அது ஒன்றுதான் ஒழுங்காகச் செய்ய வேண்டியது.

எனக்கு வேண்டியதெல்லாம் என் கட்டிலும் என் பெயரும். அம்மா மீனை நிறுத்தினால் இரண்டும் கிடைத்துவிடும். அவ்வளவு சின்ன விஷயம். அதனால் ஒரு நாள் போய்ப் பார்த்தேன்.

வாசல்வரை போகலாம். உள்ளே கால் வைத்தால் வீட்டில் ஒரு தலை கூடிவிடும். இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாளை மீன் வாசம் தெருவரைக்கும் வந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, "சுயம்பு, வால, மீன் ஆறுது," என்றாள்.

"உள்ள வரக் கூடாதும்மா," என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உன்னையச் சொல்லல."

பூனை என் கட்டிலிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, அடுக்களைக்குள் போனது. பெயர் சும்மாதானே கிடந்தது என்று அம்மா சொன்னாள். புதுப் பெயர் வைத்தால் எங்கே ஞாபகம் இருக்கிறது.

"மீனை நிறுத்துதேன்னு சொன்னேல்லா?"

"நிறுத்தத்தான் செஞ்சேன். ஒரு நேரம். பசியோட என் முகத்தையே பாக்குதுல."

"நானும்தான் பாக்கேன்."

"உனக்கு அங்க சோறு போடுதாகல்லா. அதுக்கு யாரு இருக்கா?"

"அதுக்கு அந்த வீட்டுக்காரங்க இருக்காங்க. அதோட பாய்லதான் நான் படுத்துக் கிடக்கேன்."

"ஏன் எரிஞ்சு விழுத," என்றாள் அம்மா. "அது ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனது கிடையாது, தெரியுமா?"

கேட்டின் கம்பி வழியாக ஒரு துண்டு மீன் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதற்குள் வேதமாணிக்கம் வந்துவிட்டார். பெரிய தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"இது எங்க பூனை குடிச்ச கிண்ணம். போன மழைக்கு முன்னால இங்க வந்துச்சு. ஆள் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நான் மூணு தடவை கேட்டேனேண்ணே," என்றார் ஸ்டெல்லா அக்கா. "தண்ணி மோட்டார் ஓடுச்சு. உங்களுக்குக் கேட்டுருக்காது."

"அப்ப ஆள் எனக்கு வரணும்மா. உனக்கில்ல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் உட்கார்ந்து பைக்கை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வேதமாணிக்கத்தின் கணக்கு சரிதான். ஸ்டெல்லா அக்கா வீடு அவருக்கு ஓர் ஆள் பாக்கி. ஸ்டெல்லா அக்கா வீட்டில் சும்மா இருக்கும் ஆள் நான். நான் பட்டறைக்குப் போனால் இங்கே ஓர் உயிர் குறையும். பூனை எங்கள் வீட்டில் இருப்பதால் அந்தக் குறையை எங்கள் வீடுதான் தீர்க்க வேண்டும். கார்த்தீஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் செவிலியர் சீருடையோடு நேராக வந்தாள்.

"எனக்கு வார்டு டூட்டி இருக்கு. சுவர்ல எல்லாம் உக்கார முடியாது."

"சும்மா இருக்கும்போது வந்து உக்காரு," என்றேன். இதைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தேன்.

"வாய மூடுல, பிங்கி."

பட்டறைக்காரரிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். "உங்களுக்கு இந்தப் பூனை எங்க இருந்து வந்துச்சுண்ணே?"

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுவா வந்துச்சு. நானும் முறையாக் கேட்டேன்."

"லேத் ஓடும்போதா?"

"லேத் எப்பவும் ஓடத்தானல செய்யும். அது என் தொழில்."

பூனைக்கு முதல் வீடு எது என்று பார்க்கப் போனால் பாதி ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு மீதி ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. செல்வின் அண்ணன்தான் ஒரு வழி சொன்னார். பூனையை நாற்சந்தியில் இறக்கிவிடுவது. எந்த வீட்டுக்குப் போகிறதோ அது அதன் வீடு. மூன்று வீட்டுக்கும் போகாவிட்டால் மூன்று வீட்டுக்கும் பாக்கி இல்லை. எனக்கு விடுதலை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மூன்று வீட்டாரும் நாற்சந்தியில் கூடினோம். யாரும் கூப்பிடக் கூடாது, யாரும் கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று பேச்சு. அப்பா பூனையைக் கூடையிலிருந்து இறக்கிவிட்டார். ஜெரின் கண்ணை மூடிக்கொண்டான். பூனை எங்கள் தெருவைப் பார்த்தது. ஸ்டெல்லா அக்கா தெருவைப் பார்த்தது. பெரிய தெருவைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் அதற்கும் பேச எதுவும் இல்லை.

அது வாலைத் தூக்கிக்கொண்டு நான்காவது வழியில், கிழக்கே கடற்கரைச் சாலையைப் பார்த்து நடந்தது.

"முடிஞ்சுது," என்றார் செல்வின் அண்ணன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் மூச்சு விட்டேன். அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே அவித்த சாளை. "சுயம்பு," என்று கூப்பிட்டுக்கொண்டே கடற்கரைச் சாலையில் வேகமாக நடந்தாள். "ஏல சுயம்பு, நில்லுல. அம்மா வாரேம்லா."

நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனாள்.

"அது கோவத்துல போகுது, உங்க அம்மா கூட்டிட்டு வந்துருவா," என்றார் அப்பா. என்ன சொல்கிறோம் என்று அவருக்கே பாதியில் தெரிந்து நிறுத்திக்கொண்டார். பிறகு என் பையை என் தோளில் மாட்டிவிட்டார். "நீ நேரே வீட்டுக்குப் போ. அவ பூனையோட வாரதுக்குள்ள போய்க் கட்டில்ல படுத்துரு. வழில யார் வீட்டுலயும் உக்காராத. யாரு என்ன குடுத்தாலும் வாங்காத. என்ன, விளங்குச்சா?"

"விளங்குச்சு," என்றேன்.

எங்கள் வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். நான் நேராக நடந்தேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில், நைட்டிமேல் துண்டு போட்ட அத்தை ஒருவர் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்தது இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முகமே வாடிக் கிடக்கு. சாப்டியாப்பா?"

"இல்ல."

"உக்காரு."

யார் வீட்டுப் பையன் என்று அவர் கேட்கவே இல்லை. புளிக்குழம்பும் அப்பளமும். நான் தட்டுக்கு முன் உட்கார்ந்ததும், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் மாமனார் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவராம். ஒரு பையில் வேட்டியும் சர்க்கரை மாத்திரையும் எடுத்து வைத்தார்.

"எந்தத் தெரு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"வீட்ல யாரெல்லாம்?"

"அப்பா, அம்மா, ஒரு அக்கா. அக்கா கொஞ்சம் வாய்த்துடுக்கு."

"பரவால்ல. எனக்குக் காது மந்தம்," என்றார். "எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்ப?"

"ஜன்னல் பக்கம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, மருமகளிடம் போய்ட்டு வாரேன் என்று சொல்லி, எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார். வேகமாகத்தான் போனார். அம்மா பூனையோடு வருவதற்குள் கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார்.

நேரே வீட்டுக்குப் போகத்தான் அப்பா சொல்லியிருந்தார். நான் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.